சோக் 10 மெகாஹெர்ட்ஸில் ஏன் கைவிடுகிறது?

உங்கள் ஃபில்டரின் காமன் மோட் சோக்குக்கு (இரு கம்பிகளிலும் ஒரே திசையில் வரும் இரைச்சலைத் தடுக்கும் சுருள்) பதிலாக, சிமுலேஷனில் வெறும் 10 மில்லிஹென்றி இண்டக்டரை மட்டும் வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் 10 மெகாஹெர்ட்ஸில் ஃபில்டர் அங்கே பிரமாதமாகத் தெரிகிறது, நிஜச் சோதனையில் தோற்கிறது. அந்த இண்டக்டருக்கு இணையாக ஒரு கெப்பாசிட்டரும் ஒரு ரெசிஸ்டரும் போடுங்கள்.

காரணம் பெரும்பாலும் கம்பிச் சுற்றுகளுக்கு இடையே உருவாகும் கெப்பாசிட்டன்ஸ். உங்கள் சோக்கின் இம்பிடன்ஸ் (மாறு மின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு) 500 கிலோஹெர்ட்ஸில் உச்சம் தொடுவதாக டேட்டாஷீட் காட்டுகிறது என்றீர்கள். அந்த உச்சம்தான் இண்டக்டரும் இந்தக் கெப்பாசிட்டன்ஸும் ஒத்ததிரும் இடம்; அதிலிருந்து கணக்கிட்டால் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 10 பிக்கோஃபாரட் வரும். அற்பமாகத்தான் தெரியும். ஆனால் 10 மெகாஹெர்ட்ஸில் இண்டக்டர் மட்டும் என்றால் 6 லட்சம் ஓமுக்கு மேல். இந்த 10 பிக்கோஃபாரட் வழியே போனால் சுமார் 1,600 ஓம்தான். உச்சத்தைத் தாண்டியபின் அதை இண்டக்டர் என்றே நினைக்காதீர்கள், அது கெப்பாசிட்டர்.

ரெசிஸ்டருக்கு, உச்சத்தில் இம்பிடன்ஸ் எத்தனை ஓமோ அதையே போடுங்கள்.

அப்புறம் ஒரு சோதனை. சோக்கின் இரு வைண்டிங்குகளின் (கம்பிச் சுருள்களின்) தொடக்க முனைகளை ஒன்றாகவும் முடிவு முனைகளை ஒன்றாகவும் சேர்த்து இம்பிடன்ஸை அளந்து, மாடலின் வளைகோட்டோடு ஒப்பிடுங்கள். கம்பிகள் குட்டையாக இருக்கட்டும். அளக்கும் அமைப்பே இரண்டு மூன்று பிக்கோஃபாரட் சேர்த்தாலும் உச்சம் கீழே நகர்ந்துவிடும்.

மாங்கனீஸ்-ஜிங்க் ஃபெரைட் கோர் என்றால் கவனம்: அதன் பெர்மியபிலிட்டி (காந்தப்புலத்தைத் தன்னுள் கடத்தும் திறன்) அதிர்வெண் ஏற ஏறக் குறையும். அதனால் இண்டக்டர், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் மூன்றும் இணையாக உள்ள ஒரே கட்டம் உச்சத்தின் அருகே மட்டுமே பொருந்தும். 30 மெகாஹெர்ட்ஸ் வரை வேண்டுமென்றால் இதே போன்ற இரண்டு மூன்று கட்டங்களைத் தொடராக இணைத்துப் பொருத்துங்கள்.