நெப்போலியன் வாள் என்றார் கடைக்காரர்: பழைய ஐரோப்பிய வாள்கள் வாங்குவோருக்குக் கேள்வி–பதில்

கேள்வி: பாரிஸில் வசிக்கிறேன். பழம்பொருள் சந்தையில் பித்தளைக் கைப்பிடியும் லேசாக நெளிந்த அலகும் கொண்ட ஒரு வாளைப் பார்த்தேன். அலகின் முதுகில் 1868 என்று பொறித்திருக்கிறது. நெப்போலியன் காலத்து வாள் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை. 1868-ல் பிரான்சை ஆண்டவரும் ஒரு நெப்போலியன்தான், மூன்றாம் நெப்போலியன். நீங்கள் மனத்தில் நினைத்துக்கொண்டவர் 1821-லேயே செயின்ட் ஹெலினா தீவில் இறந்துபோனார். அவர் பெயரைச் சொல்லி இவர் காலத்துச் சரக்கை விற்பது அந்தச் சந்தையின் பழைய வித்தை.

அதைவிட முக்கியமான சங்கதி, அது வாளே அல்ல. நீங்கள் எழுதிய அடையாளங்களை வைத்துப் பார்த்தால் 1866 மாதிரி, அதாவது அந்த ஆண்டில் பிரெஞ்சு ராணுவம் ஏற்ற வடிவமான, ஷாஸ்போ துப்பாக்கியின் முனையில் மாட்டும் பயனெட். கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையே நிற்கும் குறுக்குக் காப்பில் ஒரு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். துப்பாக்கிக் குழல் நுழைவதற்கான வளையம் அது. கைப்பிடியின் முதுகில் நீளமான காடியும், அழுத்தினால் அசையும் ஒரு பொத்தானும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இருந்தாலும் வாங்கலாம் என்பேன், பயனெட்டின் விலைக்குத் தந்தால். இவை லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை, அரிதானவை அல்ல. ஆனால் புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவருக்கு இவ்வளவு நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. செந்தெத்தியென், ஷாத்தெல்ரோ, துல் என்று ஆயுதச்சாலையின் பெயர், மாதம், ஆண்டு எல்லாம் முதுகிலேயே எழுதியிருக்கும். 1870 செப்டம்பரில் பேரரசு கவிழும்வரை அந்த வரியில் ‘பேரரசின்’ என்ற அடைமொழி இருக்கும். பிறகு காணாமல் போகும். காப்பிலும் உறையிலும் உள்ள எண்கள் ஒன்றாக இருந்தால் இரண்டும் பிறவிச் சோடி. எண்கள் வேறாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வாங்கியபின் துணியில் நன்றாகச் சுற்றி நேராக வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வயது வந்தவர் இதை வைத்திருக்க பிரான்சில் தடையில்லை. காரணமின்றித் தெருவில் ஏந்தித் திரிவதற்குத்தான் தடை.

கேள்வி: ஏலப் பட்டியல் ஒன்றில் “1796 மாதிரி குதிரைப்படை வளைவாள், வாட்டர்லூ போர்” என்று இருக்கிறது. அதே மாதிரி வாள் இன்னோர் ஏலத்தில் பாதி விலைக்கு வருகிறது. அதில் வாட்டர்லூ என்ற பேச்சே இல்லை. எதை எடுப்பது? (லண்டன், ஈஸ்ட்ஹாம்)

பதில்: முதல் பட்டியலில் ‘வாட்டர்லூ’ என்ற சொல்லைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு இரண்டு படங்களையும் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படங்களில் விலை குறைந்த வாள்தான் நல்ல வாள். அலகு நேர்மையாகக் கறுத்திருக்கிறது, உறை நசுங்கவில்லை, கைப்பிடித் தோல் பெரும்பாலும் இருக்கிறது.

இந்த வாளை வடிவமைத்தவர் ஜான் காஸ்பர்ட் லெ மார்ஷாண்ட் என்ற குதிரைப்படை அதிகாரி. பர்மிங்காமில் வாள் செய்த ஹென்றி ஆஸ்பர்ன் அவருக்குத் துணை. ஏறத்தாழ 33 அங்குல அலகு. நுனியை நெருங்க நெருங்க அகலும். குத்துவதற்கல்ல, வெட்டுவதற்கென்றே பிறந்தது. லெ மார்ஷாண்ட் 1812-ல் சலமாங்கா போரில் மாண்டார், வாட்டர்லூவை அவர் பார்க்கவில்லை. அவருடைய வாள்களிலும் பெரும்பாலானவை பார்க்கவில்லை. உள்ளூர்த் தொண்டர் குதிரைப்படைகளுக்கு ஏராளமாகப் போயின. பிரஷ்யர்கள் இதே வடிவத்தைத் தங்கள் 1811 மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவிலும் இவை நெடுங்காலம் புழங்கின. ஆகவே ‘அந்தக் காலத்து வாள்’ என்பதிலிருந்து ‘அந்தப் போரில் இருந்த வாள்’ என்று தாண்டுவதற்குச் சான்று வேண்டும்: காப்பிலோ உறையின் வாயிலோ ரெஜிமென்டின் எழுத்தும் எண்ணும், அந்த ரெஜிமென்ட் 1815 ஜூன் 18 அன்று அங்கே இருந்தது என்ற வரலாறும்.

அப்படி எழுத்து இருந்தாலும் உடனே மயங்க வேண்டாம். பூதக்கண்ணாடி வைத்து எழுத்தின் பள்ளத்துக்குள் பாருங்கள். சுற்றியுள்ள உலோகம் போலவே பள்ளமும் கறுத்து, அழுக்கடைந்திருக்க வேண்டும். மேலே இருநூறு வருடக் கருமையும் பள்ளத்தில் நேற்றைய பளபளப்பும் இருந்தால் அது யாரோ அண்மையில் வெட்டிய எழுத்து.

அடுத்து அலகின் முதுகு. ஆஸ்பர்ன், கில், வூலி போன்ற வாள் தயாரிப்பாளர்களின் பெயர்கள் அங்கே இருக்கக்கூடும். கில் செய்த அலகுகள் சிலவற்றில் “ஒருபோதும் முறியாது என உறுதியளிக்கப்படுகிறது” என்ற பொருளில் ஒரு வரியே இருக்கும். விளம்பரம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று யார் சொன்னது! கைப்பிடியை ஒட்டி, கிரீடத்தின் கீழே எண் உள்ள சிறு முத்திரை தெரிந்தால் அரசுப் பரிசோதகர் பார்த்து ஒப்புக்கொண்ட அலகு.

கடைசியாக, விற்பவர்கள் படமெடுக்க மறக்கிற இடம்: கைப்பிடியின் உச்சி. அலகின் வால் கைப்பிடிக்குள் ஓடி, உச்சியில் எட்டிப் பார்த்து, சுத்தியலால் அடித்துப் பரப்பப்பட்டிருக்கும். அந்தத் தழும்பு சுற்றுப்புறத்தோடு நிறம் சேர்ந்து கிடக்க வேண்டும். அங்கே நட்டு போட்டு முறுக்கியிருந்தாலோ புதிதாகத் தட்டிய பளபளப்பு இருந்தாலோ யாரோ பிரித்துக் கோத்திருக்கிறார்கள். சில சமயம் முழு வாளுமே நகலாக இருக்கும். இன்று சந்தையில் உலவும் நகல்களில் நிறைய நம் இந்தியாவில் செய்தவை. ‘இந்தியா’ என்ற முத்திரையை அரம் போட்டு நீக்கிவிட்டு விற்கிறார்கள். கையில் எடுத்தால் தெரிந்துவிடும். பழைய அலகு கைப்பிடி அருகே தடித்து, நுனிக்குப் போகப் போக, அகலம் கூடினாலும், தடிமனில் மெலியும். நகல் கடைசிவரை ஒரே தடிமனில், கடப்பாரை போலக் கனக்கும்.

கேள்வி: மெல்லிய நேரான வாள், எஃகு மணிகள் பதித்த கைப்பிடி. “18-ஆம் நூற்றாண்டுப் பிரபுவின் வாள்” என்று பெரிய விலை சொல்கிறார்கள். அலகில் ஒரு லண்டன் கடையின் பெயரும் முகவரியும் இருக்கின்றன. வாளைச் செய்தவர் அவர்தானா? (பர்மிங்காம்)

பதில்: அநேகமாக அவர் தையற்கடைக்காரர். சட்டைக் காலரில் கடைச் சீட்டு தைத்திருப்பதுபோல, சீருடையும் விழா உடையும் விற்ற கடைகள் தங்கள் பெயரை அலகில் போட்டு விற்றன. அலகைச் செய்த கை வேறு, பல சமயம் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கை.

இரண்டு வேறு வாள்களை உங்கள் வியாபாரி ஒன்றாகக் குழப்புகிறார், அல்லது குழப்ப விரும்புகிறார். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பியக் கனவான்கள் இடுப்பில் கட்டிய சிறுவாள் ஒன்று. அது ஆபரணமும்கூட, ஆளைக் கொல்லும் கருவியும்கூட. அதன் அலகை நுனிப்பக்கமிருந்து நேராகப் பாருங்கள். முக்கோணமாக, மூன்று முகங்களும் உள்ளே குழிந்து தெரியும். அதனால்தான் எடை குறைந்தும் வளையாமல் நின்றது. சிலவற்றில் கைப்பிடி அருகே அகன்று, ஓரிடத்தில் சட்டென ஒடுங்கும் அலகும் உண்டு. காப்பின் கீழே விரல் நுழைக்க இரண்டு வளையங்கள் இருக்கும். நூற்றாண்டு நகர நகர அவை சிறுத்து, கடைசியில் குழந்தையின் விரல்கூட நுழையாத வெறும் அலங்காரமாகிவிட்டன. வளையத்தின் அளவே தோராயமான வயதைச் சொல்லிவிடும்.

மற்றது அரசவை வாள். வாளால் சண்டையிடும் வழக்கம் ஒழிந்தபின், அரசர் முன்னே போய் நிற்பதற்காக உடைவிதிகள் கட்டாயமாக்கியது. 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் நிறையச் செய்தார்கள். அலகு பெரும்பாலும் தட்டையாக, லேசாக, மேலோட்டமான அமிலப் பொறிப்போடு இருக்கும். கூர் கிடையாது. பொறிப்பில் ‘வி.ஆர்.’ என்ற விக்டோரியா முத்திரை தெரிந்தால் 1837-க்கும் 1901-க்கும் இடைப்பட்டது, ஐந்தாம் ஜார்ஜைக் குறிக்கும் ‘ஜி.ஆர். ஐந்து’ என்றால் 1910-க்குப் பிறகு. உங்கள் படத்தில் பாதி தெரியும் முத்திரை எனக்கு ‘வி’ போலத்தான் படுகிறது. அப்படியென்றால் 18-ஆம் நூற்றாண்டுப் பேச்சு அங்கேயே முடிந்தது.

எஃகு மணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் ஊர்க்காரர் மேத்யூ போல்ட்டன் தம் சோஹோ ஆலையில் வைரம்போல் பட்டை தீட்டிய எஃகு மணிகளைச் செய்து புகழ்பெற்றார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவை மின்னுவதைப் பார்த்தால் ஏன் அரசவை முழுதும் மயங்கியது என்று புரியும். நல்ல வேலைப்பாட்டில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகப் பதித்திருக்கும். மணி உதிர்ந்திருந்தால் புதிது பொருத்தத் தெரிந்தவர்கள் மிகச் சிலர், கூலியும் அதிகம். பேரம் பேசும்போது காலி இடங்களை எண்ணுங்கள்.

வெள்ளிக் கைப்பிடி என்றால் வேலை சுலபம். லண்டன் வெள்ளியில் நடக்கும் சிங்கம், சிறுத்தைத் தலை, ஆண்டைக் குறிக்கும் எழுத்து, செய்தவரின் முத்திரை என்று வரிசையாக இருக்கும். அந்த ஆண்டெழுத்து வந்துவிட்டால் வியாபாரியின் வாய்ச்சொல்லுக்கு வேலையே இல்லை.

கேள்வி: என் வாளின் அலகில் ஆறு முனை நட்சத்திரம், நடுவில் பித்தளைப் பொட்டு. யூத அதிகாரியின் வாள் என்று நண்பர் சொல்கிறார். (டொராண்டோ)

பதில்: இல்லை. அலகு சோதனையில் தேறியது என்பதற்கான பொட்டு அது. நட்சத்திரம் அதைச் சுற்றிய அலங்காரம், பல பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் போட்டார்கள். பொட்டில் ‘எச்.டபிள்யூ.’ என்றிருந்தால் செய்தது வில்கின்சன் என்ற வாள் நிறுவனம். அப்படியானால் அலகின் முதுகில் ஓர் எண்ணைத் தேடுங்கள். 1854 வாக்கில் தொடங்கிய வரிசை எண் அது. பழைய பதிவேடுகளில் அந்த எண்ணுக்கு எதிரே தேதியும், பல சமயம் வாங்கிய அதிகாரியின் பெயரும் இருக்கும். இந்த ஆட்டத்தில் கதை உண்மையாகவே கிடைக்கிற அபூர்வமான இடம் இது. கட்டணம் கொடுத்துத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: பிரிட்டிஷ் அதிகாரியின் வாள் ஒன்று வீட்டில் இருக்கிறது. துருவும் கறுப்புமாக இருக்கிறது. பட்டறையில் கொடுத்து பாலிஷ் போடலாமா? (சென்னை)

பதில்: வேண்டவே வேண்டாம். நான் முதன்முதலில் வாங்கிய 1822 மாதிரி காலாட்படை அதிகாரி வாளை, விற்றவர் எனக்குச் செய்த உபகாரமாக நினைத்து, முகம் பார்க்கும் கண்ணாடிபோல மெருகேற்றிக் கொடுத்தார். அலகின் பொறிப்பில் பாதி கரைந்து போயிருந்தது. அது இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. விற்கப் போனால் வாங்குவாரில்லை.

பொறிப்பு தோலளவு ஆழம்கூட இருக்காது. சுழலும் சக்கரம் ஒருமுறை பட்டால் போச்சு. இயந்திர எண்ணெயில் நனைத்த மிக நுண்ணிய எஃகு நாரால் (நான்கு பூஜ்ய எண் கொண்டது) செந்துருவை மட்டும் மெதுவாக எடுங்கள். கருஞ்சாம்பல் படிவை விட்டுவிடுங்கள்; சேகரிப்பவர்கள் விரும்புவது அதைத்தான். பிறகு ‘ரெனைசான்ஸ்’ மெழுகு மெல்லிசாக ஒரு பூச்சு. பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான மெழுகு அது. கைப்பிடி பித்தளைதானே என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! மேலே பொன்முலாம் இருந்தால் அதுவும் சேர்ந்து கழுவிக்கொண்டு போய்விடும். சென்னைக் காற்றுக்கு இன்னொரு விதியும் உண்டு: தோலுறைக்குள் வாளை வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி அலகுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். உறை தனியே, வாள் தனியே.

கேள்வி: 400 பவுண்டுக்கு ஏலம் எடுத்தேன். பில் 520 பவுண்டு வந்திருக்கிறது. ஏமாற்றா? (லெஸ்டர்)

பதில்: ஏமாற்று அல்ல, நிபந்தனைகளைப் படிக்காததற்கான அபராதம். சுத்தியல் விலை, அதாவது ஏலம் முடிந்த தொகை, 400. வாங்குபவர் கட்டணம் 25 சதவீதம் என்றால் 100. அந்தக் கட்டணத்தின் மேல் 20 சதவீத வாட் வரி 20. இணையம் வழியாக ஏலம் கேட்டால் அதற்கும் தனிக் கட்டணம் இருக்கலாம். அஞ்சல் செலவு வேறு. மனத்தில் 400 என்று எல்லை வைத்தவர் 300-ஐத் தாண்டிக் கை தூக்கக் கூடாது. ஏலத்துக்கு முன்பே வாளின் நிலையைச் சொல்லும் அறிக்கை கேளுங்கள், கைப்பிடி உச்சியின் படத்தையும் சேர்த்து.

பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பிரிட்டனில் 50 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமான வளைந்த அலகுள்ள வாள்களை விற்கத் தடை உண்டு. நூறு வயது தாண்டியவற்றுக்கு விலக்கு. பிற்பாடு நீங்கள் விற்கும்போது வயதைக் காட்ட அந்தக் காகிதம் உதவும்.

கேள்வி: ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறேன். ஐந்து வாள்கள் இருக்கின்றன. ஒன்று தந்தக் கைப்பிடி போட்ட ஜெனரல் வாள். பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா? (குரோய்டன்)

பதில்: அப்படியே வைத்துக் கொண்டுவராதீர்கள். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டப்படி வாளும் ஆயுதம். நாட்டுக்குள் கொண்டுவர உரிமம் வேண்டும். முதலில் உரிமம், பிறகு விமானம். தந்தக் கைப்பிடி வாளை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். இந்தியாவில் தந்த வணிகத்துக்கு இடமே இல்லை. பிரிட்டனில் விற்பதும் எளிதல்ல: 2018-ஆம் ஆண்டின் தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 1947-க்கு முந்தையதாகவும், மொத்தக் கனஅளவில் தந்தம் பத்து சதவீதத்துக்குக் குறைவாகவும் இருந்தால் பதிவு செய்து விற்கலாம். 1831 மாதிரி ஜெனரல் வாளில் கைப்பிடிச் சில்லுகள் மட்டுமே தந்தம் என்பதால் வாய்ப்பு இருக்கிறது. அளந்து பாருங்கள். இன்னொன்று: இந்தியாவுக்குள் வந்த நூறு வயதுப் பொருளைத் திரும்ப வெளியே அனுப்ப நினைத்தால் 1972 தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் உள்ள வாளின் கைப்பிடி நம் நாட்டு வேலை. அலகில் மட்டும் ரோமன் எழுத்தில் ‘ஆந்திரியா ஃபெராரா’ என்றிருக்கிறது. இத்தாலிய அலகை எடுத்துத் தனியே விற்றால் நல்ல விலை என்கிறார் ஒருவர். (தஞ்சாவூர்)

பதில்: ஆந்திரியா ஃபெராரா 16-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் பெல்லூனோ பக்கம் இருந்த கொல்லர். ஆனால் அவர் பெயரைச் சோலிங்கன்காரர்கள் அடுத்த இருநூறு ஆண்டுகளுக்குத் தங்கள் அலகுகளில் குத்தித் தள்ளினார்கள், தோன்றிய எழுத்துக்கூட்டலில். ஜெர்மனியின் பாசாவ் நகரத்து வாள் கொல்லர்களின் ஓடும் ஓநாய் முத்திரைக்கும் அதே கதி. எனவே உங்கள் அலகு பெரும்பாலும் ஜெர்மானியச் சரக்கு.

அதனால் மதிப்புக் குறையவில்லை. ஐரோப்பிய அலகை இறக்குமதி செய்து நம் கைப்பிடியில் பொருத்திய வாள்களுக்குத் தக்காணத்தில் ‘ஃபிரங்கி’ என்று பெயர். நாம் ‘பறங்கி’ என்கிறோமே, அதே சொல். மராட்டியர் காலத்துத் தஞ்சை ஆயுதசாலையில் இப்படிப்பட்ட அலகுகள் உண்டு. அந்த ஆயுதங்களில் ஒரு பகுதி எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போய் உங்கள் வாளின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரித்தால் உங்களிடம் ஒரு சாதாரண ஜெர்மன் அலகும் ஓர் அநாதைக் கைப்பிடியும் மிஞ்சும். யோசனை சொன்னவர் இரண்டையும் தாமே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருப்பாரே?