கோடை விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பினால் களைப்புதான் மிஞ்சுகிறது. தெம்பாக வீடு வந்து சேர என்ன செய்யலாம்?

மும்பை செம்பூரில் பதினாறு வருடமாக இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மே மாதம் ஊருக்குப் போனால், ஜூன் நடுவில் இங்கே பள்ளி திறப்பதற்குள் திரும்பிவிடுவோம்.

பல வருடம் எனக்கும் களைப்புதான் மிஞ்சியது. ஊரில் ஓய்வு ஏது? கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து, அப்புறம் சொந்தக்காரர் வீடுகளுக்கு ஒரு சுற்று. "இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போயேன்" என்று அம்மா சொன்னால் மறுக்க மனம் வராது. ஞாயிறு ராத்திரி தாதரில் இறங்கி, திங்கள் காலை லோக்கலில் நசுங்கி ஆபீஸ் போவேன். ஒரே வாரத்தில் உடம்பு படுத்துவிடும்.

மூன்று வருடமாக, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருக்கிற மாதிரி டிக்கெட் எடுக்கிறேன். ரயில் முன்பதிவை 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். அதனால் ஏப்ரலில் முன்பதிவு திறந்ததுமே திரும்பும் டிக்கெட்டை எடுத்துவிட்டு அம்மாவிடம் தேதியைச் சொல்லிவிடுவேன். முதல் வருடம் முகம் வாடியது. இப்போது அவரே அந்தத் தேதிக்குப் பருப்புப்பொடி இடித்து வைக்கிறார்.

விமானம் வேண்டாம் என்பேன். நாகர்கோவில் – மும்பை எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள். அதுதான் எனக்கு நிஜமான விடுமுறை. யாரும் கூப்பிட மாட்டார்கள், எந்த வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. சோலாப்பூர் வரை ஜன்னல் கம்பி கையைச் சுடும். புனே தாண்டி லோனாவாலா வந்ததும் காற்றே வேறு. அங்கிருந்து கர்ஜத் வரை போர்காட் இறக்கம், 1863-இல் திறந்த மலைப்பாதை. சுரங்கப்பாதைக்குப் பின் சுரங்கப்பாதை. ஒவ்வொன்றிலும் பெட்டியில் உள்ள பிள்ளைகள் எல்லாம் கூவுவார்கள். இந்த முறை முதல் மழை பெய்திருந்தது. பாறையில் தண்ணீர் வழிந்தது. கம்பி வழியாகத் தெறித்த சாரலை மகள் உள்ளங்கையில் பிடித்து என் கழுத்தில் தடவினாள். அதுவரை ஊரை விட்டு வருகிற கனம் நெஞ்சில் இருந்தது. அப்போதுதான் வீட்டுக்குப் போகிறோம் என்று தோன்றியது.

வீட்டில் அன்று ராத்திரி சாதம் மட்டும் வைத்து, அம்மாவின் பொடி, நல்லெண்ணெய். பெட்டியைப் பிரிக்கவில்லை. அது சனிக்கிழமை வேலை. துணி துவைத்து, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து வைத்து, மதியம் நன்றாகத் தூங்கினோம். திரும்பி வந்தபின் சும்மா இருக்க இரண்டு நாள் வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நாங்கள் இல்லாதபோது துளசிக்குத் தண்ணீர் ஊற்றிய எதிர்வீட்டு மராத்தி காக்கூவுக்கு (அத்தை, சித்தி மாதிரி) கோவில்பட்டிக் கடலை மிட்டாய் கொண்டுபோனோம். "இது எங்கள் சிக்கிதானே!" என்றார். அப்புறம் மேலே தூவியிருந்த ரோஸ் நிறத் தேங்காய்ப்பூவைத் தனியாக எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். திங்கட்கிழமை மகள் டப்பாவில் அவர் கொடுத்த லோனாவாலா சிக்கியும் எங்கள் கடலை மிட்டாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.