துப்புக்கூலி

கேள்வி: படை பெருத்த நாட்டில்தான் அமைதி நிலைக்கும் என்கிறேன். காவல்காரன் நிற்கிற தோட்டத்தில் களவு போகுமா?
– ஒரு வாசகர், வீரவநல்லூர்

பதில்: அண்ணாச்சி, இதை மதுரைக்கு வடக்கே இருந்து யாராவது கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன். வீரவநல்லூரில் இருந்துகொண்டு ‘காவல்காரன்’ என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

திருநெல்வேலிச் சீமையில் அந்தக் காலத்தில் காவல் ஒரு தனி சாஸ்திரம். களத்தில் பொலி அளக்கும்போதே காவலுக்கு இத்தனை மரக்கால் என்று ஒதுக்கிவிட்டுத்தான் மூட்டை வீட்டுக்கு ஏறும். ஊருக்கு ஸ்தலகாவல், அதற்கு மேல் பாளையக்காரருக்குத் தேசகாவல். சரி, யாரிடமிருந்து காவல்? அதை மட்டும் கேட்கக்கூடாது. அளக்காத வீட்டில் அடுத்த அமாவாசைக்குள் மாடு காணாமல் போகும். போன மாட்டைக் கண்டுபிடித்துத் தர ஒரு ஆள் வருவார். அவருக்குக் கொடுப்பதுதான் துப்புக்கூலி.

பாளையக்காரர்களும் உங்கள் கட்சிதான். எட்டயபுரத்தில் ஆள் இருக்கிறது என்று பாஞ்சாலங்குறிச்சி ஆள் சேர்த்தது. பாஞ்சாலங்குறிச்சியில் சேர்கிறது என்று எட்டயபுரம் சேர்த்தது. எல்லைத் தகராறு மட்டும் தீரவில்லை. (பாஞ்சாலங்குறிச்சியைத் திருநெல்வேலிச் சீமை என்று எழுதினால் தூத்துக்குடியிலிருந்து ஒரு தபால் அட்டை வரும். இருபது வருஷமாக ஒரே கையெழுத்து. 1986-ல் மாவட்டம் பிரிந்துவிட்டதாம். ஐயா, கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கில் போட்டது 1799-ல். அரசாணை அவர் கைக்குக் கிடைக்கவில்லை. பிரித்த பிறகு கோட்டை உங்களுக்கு, ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’ என்ற பெயர் எங்களுக்கு என்று கொஞ்ச காலம் ஓடியது. அந்தப் பெயரும் போய்விட்டது. இப்போதாவது அட்டையை நிறுத்துங்கள்.)

கடைசியில் எல்லாரையும்விடப் பெரிய படையோடு கிழக்கிந்தியக் கும்பெனி வந்தது. 1801-ல், கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை மறுபடி எழுப்பிய மண்கோட்டையை இடித்து, அந்த வருஷமே பாளையங்களில் வேல், வல்லயம், துப்பாக்கி எதையும் யாரும் வைத்திருக்கக்கூடாது என்று பிரகடனமும் போட்டது. அதற்குப் பிறகு சீமையில் சத்தமே இல்லை. உங்கள் கணக்குப்படி அதுவும் அமைதிதான், ஒப்புக்கொள்கிறேன். கோட்டை இருந்த இடத்தில் ஆமணக்கு விதைத்தார்கள் என்பார்கள். அங்கேயும் ரொம்ப அமைதியாகத்தான் இருந்திருக்கும்.

வல்லயம் வைத்திருந்தாலே குற்றம் என்று ஆன அதே சீமையில் கட்டபொம்மன் பெயருக்கு இப்போது வந்திருக்கிற யோகத்தைப் பாருங்கள். நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணத்தில், கடலுக்கடியில் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்புகிற கடற்படைத் தளத்துக்கு ‘ஐ.என்.எஸ். கட்டபொம்மன்’ என்று பெயர். 1990-லிருந்து இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது அந்தக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் எனக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் உள்ள நேரடித் தொடர்பு.

1998 மே மாதம் பொக்ரானில் நாம் வெடித்தோம். அதே மாதம் பாகிஸ்தான்காரர்களும் வெடித்தார்கள். இனி இரண்டு பக்கமும் பயந்துகொண்டு சும்மா இருக்கும், சண்டையே வராது என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். மறு வருஷம் மே மாதம் கார்கில். அந்தப் பழைய இதழைத் தேடவேண்டாம், கரையான் தின்றுவிட்டது.

கோஸ்டா ரிகா 1948-ல் ராணுவத்தையே கலைத்தது. நாடு இன்னும் இருக்கிறது. உடனே ‘அப்ப நாமளும் கலைச்சிரலாமா?’ என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். அவர்கள் அண்டை வேறு, நம் அண்டை வேறு. களத்தில் நெல் கிடந்தால் ஆள் போடத்தான் வேண்டும். அதற்கு ‘அமைதி’ என்று பெயர் வைக்கும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது. பத்து அணுகுண்டுவரை சுமந்த ஏவுகணைக்கு அமெரிக்காக்காரன் வைத்த பெயர் ‘பீஸ்கீப்பர்’. நாம் மட்டும் என்ன, 1974-ல் வெடித்ததை ‘அமைதிக்கான அணுவெடிப்பு’ என்றோம். 1987-ல் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியதும் அமைதிப்படைதான்.

எங்கள் ஆச்சி கல்யாணமாகி வந்த வருஷம், காவலுக்கு அளந்த நெல்லில் ஒரு மரக்கால் குறைந்ததாம். பத்தே நாளில் மயிலைக் காளையைக் காணோம். தாத்தா துப்புக்கூலி கொடுத்தார். மூன்றாம் நாள் விடியற்காலம் காளை ஓடைக்கரை உடைமரத்தில் கட்டிக் கிடந்தது, கழுத்து மணி இல்லாமல். மணியைப் பற்றி விசாரித்ததற்கு, “அதுக்குத் துப்பு தனி, அண்ணாச்சி” என்றாராம் காவல்காரர்.