ரோடு பைக்குக்கு 80,000 ரூபாய் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 52,000 ரூபாய். வாடகை, அம்மாவின் மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 34,000 செலவாகிறது. எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) 5,000. வங்கிக் கணக்கில் 1,30,000 இருக்கிறது. ரோடு பைக் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள்) வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஷிமானோ நிறுவனத்தின் சோரா கியர் உள்ள வண்டி 68,000, ஷிமானோ 105 உள்ளது 1,45,000 என்று கடையில் சொல்கிறார்கள். ஸ்ராம் நிறுவனத்தின் கியர்தான் சிறந்தது என்கிறார் நண்பர். 105 வாங்குவதற்கு 80,000 ரூபாய் தனிநபர் கடன், 14% வட்டியில் இரண்டு வருடத்துக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: கடன் வேண்டாம். சோரா வண்டியை எடுங்கள்; அதையும் நான்கு மாதம் பொறுத்து எடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். 80,000 ரூபாய்க்கு மாதத் தவணை சுமார் 3,841. 24 மாதத்தில் 92,000 ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பீர்கள். வட்டியே 12,000-ஐத் தாண்டுகிறது, பிராசஸிங் கட்டணம் தனி. மீதி 65,000-ஐச் சேமிப்பிலிருந்து எடுத்தால் கையில் இன்னொரு 65,000 நிற்கும். உங்கள் வீட்டின் இரண்டு மாதச் செலவுக்கே அது போதாது. அம்மாவுக்குத் தொடர்ந்து மருந்து வாங்கும் வீட்டில் மூன்று மாதச் செலவான 1,02,000-ஐத் தொடவே கூடாது. அது போக இன்று எடுக்கக்கூடியது 28,000. செலவும் எஸ்.ஐ.பி.யும் போக மாதம் 13,000 மிஞ்சுகிறது, நான்கு மாதத்தில் 52,000. ஆக 80,000. வண்டிக்கு 68,000 போனால் ஹெல்மெட், லைட், பம்ப், பூட்டுக்கு 12,000 இருக்கிறது. எஸ்.ஐ.பி.யை நிறுத்த வேண்டியதில்லை.

இனி கியருக்கு வருவோம். ஷிமானோவில் கீழிருந்து கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டூரா-ஏஸ் என்று படி ஏறும். கிளாரிஸில் பின்சக்கரத்துக்கு 8 பல்சக்கரம், சோராவில் 9, டியாக்ராவில் 10. 105 இப்போது 12-க்கு வந்துவிட்டது. கொஞ்சம் பழைய 105 என்றால் 11. பல்சக்கரம் கூடினால் மலை ஏறுவது சுலபமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்றத்தில் கைகொடுப்பது எண்ணிக்கை அல்ல. முன்னால் உள்ள சிறிய பல்சக்கரமும் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரமும்தான். முன்னால் 34 பல், பின்னால் 32 பல் இருக்கும் சோரா வண்டியில் மருதமலைக்கும் போகலாம், பழகிய பிறகு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கும் போகலாம். 12 வேகத்தில், அதாவது பின்னால் 12 பல்சக்கரம் உள்ள வண்டியில், ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி குறைவு என்பதால் மிதிக்கும் தாளம் கெடாமல் கியர் மாறும். குழுவாக வேகமாக ஓட்டுகிறவருக்கு அது பெரிய சுகம். முதல் வருடத்தில் உங்களுக்கு அது 77,000 ரூபாய் பெறாது.

பராமரிப்புச் செலவைக் கடைக்காரர் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன். செயின் தேயும் பொருள். தேய்ந்த செயினோடு ஓட்டினால் கேசட்டும் (பின்சக்கரப் பல்சக்கரங்களின் தொகுப்பு) தேய்ந்து, இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். 9 வேகச் செயினில் 0.75% நீட்சி காட்டும்போது மாற்றினால் போதும். 11, 12 வேகத்தில் 0.5%-லேயே மாற்ற வேண்டும், அந்தச் செயினும் கேசட்டும் விலை கூடியவை. அளந்து பார்க்கும் கருவிக்குச் சில நூறு ரூபாய்தான். முதல் நாளே வாங்குங்கள். இன்னொன்று, ரோடு பைக்கில் பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் இருக்கும். சறுக்கி விழுந்தால் முதலில் தரையில் மோதுவது அதுதான். புதிதாக ஓட்டுகிறவர்கள் விழுவது சகஜம். ஹைட்ராலிக் பிரேக் உள்ள 105-இல் அந்த ஒரு லீவரை மாற்றும் செலவு உங்கள் மாத மிச்சத்தையே விழுங்கிவிடலாம்.

ஸ்ராம் அமெரிக்காவின் சிகாகோ நிறுவனம், 1987-இல் தொடங்கியது. ஏபெக்ஸ், ரைவல், ஃபோர்ஸ், ரெட் என்பது அதன் வரிசை. கேபிளில் இயங்கும் ஸ்ராமில் ஒரே லீவரைக் கொஞ்சமாகத் தள்ளினால் ஒரு பக்கமும், நன்றாகத் தள்ளினால் மறுபக்கமும் கியர் மாறும். சிலருக்கு அது உடனே பிடித்துவிடும். தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஸ்ராமின் பெரும்பாலான 12 வேக ரோடு கேசட்டுகளுக்குச் சக்கரத்தின் நடுப்பகுதியே வேறு அமைப்பில் இருக்க வேண்டும். வழக்கமான ஷிமானோ சக்கரத்தில் அப்படியே மாட்ட முடியாது. நம் ஊரில் அவசரத்துக்குப் பாகம் கிடைப்பதும் கைப்பழக்கமுள்ள மெக்கானிக் கிடைப்பதும் ஷிமானோவுக்குத்தான். இத்தாலியின் கியர் நிறுவனமான காம்பக்னோலோ 1933 முதல் இருக்கும் அருமையான பெயர். முதல் வண்டிக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

"இப்போது சோரா வாங்கிப் பிறகு 105-ஆக மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லீவர், டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும் பாகம்), கேசட், செயின் என்று அனைத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு 105 வண்டியையே வாங்கியிருக்கலாம். மனது 105-இல்தான் நிற்கிறது என்றால் கடன் இல்லாமல் பத்து மாதம் சேர்த்து வாங்குங்கள், அதில் தவறில்லை.

கடைக்குப் போகும்போது பாகங்களின் முழுப் பட்டியலைக் கேளுங்கள். பின் டீரெய்லர் மட்டும் 105, கிராங்கும் (பெடல் மாட்டும் தண்டு) பிரேக்கும் வேறு மலிவான பிராண்டு என்று இருக்கும் வண்டியும் "105 வண்டி" என்றே விற்கப்படுகிறது. ஃபிரேம் சைஸில் சமரசம் வேண்டாம். செலவு செய்தாவது கியரைப் பிறகு மாற்றலாம், சைஸை மாற்ற முடியாது. கையிருப்பில் இருக்கிறது என்பதற்காகப் பெரிய சைஸைத் தள்ளுபடியில் தந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. உங்களுக்குச் சொன்ன 68,000 எந்த வரியில் போட்ட விலை என்று கேட்டு, ஃபிரேம் எண் எழுதிய பில்லாக வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி திருடுபோனால் போலீஸில் புகார் கொடுக்கவும் அந்த எண் வேண்டும்.