ஆங்கிலேய கிராமத்துக் கொலைக் கதைகள் எப்படி மனதுக்கு இதமாக இருக்கின்றன?
கொலையான ஆள் யார் என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி படைத்த துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிள் வரும் முதல் நாவல் 1930-இல் வெளிவந்தது. செயின்ட் மேரி மீட் என்ற கற்பனைக் கிராமத்தில், பாதிரியார் வீட்டுப் படிப்பறையில் ஒரு கர்னல் சுடப்பட்டுக் கிடக்கிறார். ஊரில் அவரைப் பிடித்தவர்கள் அரிது. அவரைக் கொல்பவர் உலகத்துக்கே நன்மை செய்வார் என்று பாதிரியாரே வாய்தவறிச் சொல்லியிருப்பார். அதனால் சாவு நம்மை உலுக்குவதில்லை. யார் செய்தது என்ற ஆவல்தான் மிஞ்சுகிறது.

எனக்கு இன்னும் பிடித்தது துப்பறியும் விதம். மிஸ் மார்ப்பிள் திருமணமாகாத வயதான பெண்மணி. தோட்டம், பின்னல், தேநீர், ஊர்வம்பு, இவைதான் அவர் உலகம். சந்தேகத்துக்குரியவரைப் பார்த்ததும் ஊரில் தான் அறிந்த ஒருவரின் குணம் அவருக்கு நினைவுக்கு வரும். அந்த ஒப்புமையே துப்பாகிவிடும். போலீஸ் பொருட்படுத்தாத ஒரு பாட்டியின் வாழ்நாள் கவனிப்புக்கு இங்கே முழு மதிப்பு கிடைக்கிறது, அது அவ்வளவு நிறைவாக இருக்கிறது!

இந்த வகைக் கதைகள் முதல் உலகப் போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் செழித்தது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். அர்த்தமில்லாமல் லட்சக்கணக்கானோர் மாண்டதைப் பார்த்தவர்களுக்கு, ஒவ்வொரு சாவுக்கும் காரணமும் பொறுப்பாளியும் உண்டு என்று சொல்லும் கதை தேவைப்பட்டிருக்கும்.

புதிதாகப் படிப்பவர்கள் 1932-இல் வந்த மிஸ் மார்ப்பிள் சிறுகதைத் தொகுப்பிலிருந்து தொடங்கலாம்.