கேள்வி – பதில்: முற்றத்து வெயிலும் தூண் ஓரத்து வெள்ளைக் கோடும்

கேள்வி: எங்கள் வீட்டு வளவை (நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றித் தூண் வைத்த நடையான பத்தி) படம் எடுத்தால், பத்தி தெளியும்போது முற்றம் வெளுத்துவிடுகிறது, முற்றம் சரியானால் தூண்கள் கறுக்கின்றன. இரண்டு படங்களை ஃபோட்டோஷாப்பில் அடுக்கி, மேலே உள்ளதை அழிப்பானால் அழித்தேன். தேக்குத் தூண்களின் ஓரத்தில் வெள்ளைக் கோடு நிற்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: முதலில் அழிப்பானை விடுங்கள். அழித்துச் சேமித்த பிறகு அந்த இடத்தைத் திரும்பப் பெற முடியாது. பதிலாக லேயர் மாஸ்க் போடுங்கள்; அது ஒரு லேயரின், அதாவது பட அடுக்கின், எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மறைப்பு. அது எதையும் அழிக்காது: கறுப்புப் பூசிய இடத்தில் லேயர் மறையும், வெள்ளை பூசினால் மறுபடி தெரியும், சாம்பல் பூசினால் அரைகுறையாகத் தெரியும்.

வெளிச்சமான படம் கீழே, இருண்ட படம் மேலே இருக்கட்டும். இரண்டையும் தேர்ந்தெடுத்து எடிட் மெனுவில் ஆட்டோ-அலைன் லேயர்ஸ் கொடுங்கள்; இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும். பிறகு மேல் லேயரை மட்டும் தேர்ந்து, ஆல்ட் விசையை அழுத்தியபடி லேயர் பலகையின் அடியில் உள்ள மாஸ்க் பொத்தானைத் தட்டுங்கள். கறுப்பு மாஸ்க் வரும். இருண்ட படம் முழுதும் மறைந்துவிடும். இனி வெள்ளை பிரஷ்ஷால் முற்றத்தை மட்டும் வெளிக்கொணர வேண்டும். ஃப்ளோவை (ஒரு பூச்சில் விழும் வண்ணத்தின் அளவை) 15 முதல் 20 சதவீதம் வைத்து, பலமுறை மெல்லப் பூசுங்கள். தப்பினால் எக்ஸ் விசையைத் தட்டிக் கறுப்புக்கு மாறித் திருத்தலாம்.

அந்த வெள்ளைக் கோட்டுக்குக் காரணம், வெளிச்சப் படத்தில் முற்றத்து ஒளி தூணின் விளிம்புக்குள் கசிந்திருப்பதுதான். மாஸ்க்கைச் சரியாக விளிம்போடு நிறுத்தினால் கசிந்த பட்டை அப்படியே தெரியும். 200 சதவீதம் பெரிதாக்கி, பிரஷ் ஹார்ட்னஸை (பிரஷ் ஓரத்தின் கூர்மையை) 70–80 ஆக்கி, தூணுக்குள் மூன்று நான்கு பிக்சல் வரை வெள்ளையை இழுங்கள். இருண்ட படத்தின் கூர்மையான விளிம்பு அங்கே வந்துவிடும். ஆல்ட் அழுத்தி, லேயர் பலகையில் உள்ள மாஸ்க் சிறுபடத்தைத் தட்டினால் மாஸ்க் மட்டும் தெரியும். விட்டுப்போன புள்ளிகள் அப்போது கண்ணில் படும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இப்படிக் கூர்மையாக நிறுத்தாதீர்கள். வெயில் தரையில் படிப்படியாகத்தான் மங்கும். ஹார்ட்னஸ் 0, ஃப்ளோ 10 வைத்து, பெரிய பிரஷ்ஷால் பத்திப் பக்கம் கரையவிடுங்கள். இரண்டு படத்துக்கும் வைட் பேலன்ஸ் (கேமராவின் நிறச் சமநிலை அமைப்பு) ஒன்றாக இல்லாவிட்டால் ஒரே கல் இரண்டு நிறம் காட்டும். பத்தியை முற்றத்தளவு வெளிச்சமாக்கவும் வேண்டாம். அந்த நிழல் போனால் வளவு வளவாக இருக்காது.

கேள்வி: மாஸ்க்கில் பூசினால் படத்தின் மேலேயே கறுப்பு விழுகிறதே?
– வாசகர், தேவகோட்டை

பதில்: படத்தின் சிறுபடம் தேர்வாகியிருக்கிறது. பக்கத்தில் உள்ள மாஸ்க் சிறுபடத்தைத் தட்டி, அதைச் சுற்றிச் சட்டம் வந்ததா என்று பாருங்கள். பிரஷ் ஒன்றுமே பூசாவிட்டால், எங்கோ ஒரு செலக்‌ஷன் மிஞ்சியிருக்கும்; தேர்ந்த அந்தப் பகுதிக்கு வெளியே பிரஷ் பூசாது. அதை நீக்க கன்ட்ரோல்-டி அழுத்துங்கள். வேலையை ஃபோட்டோஷாப்பின் பி.எஸ்.டி. கோப்பாகச் சேமியுங்கள், ஜேபெக்கில் மாஸ்க் தங்காது.