வெள்ளைக்காரத் தாத்தாவின் ஆங்கிலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். வெளிநாட்டு பையர்களுடன் பேசிப் பேசித்தான் எனக்கு ஆங்கிலமே வந்தது. போன வருடம் காய்ச்சலில் படுத்திருந்தபோது பொழுதுபோகாமல் பழைய கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். கதையைவிட அவர்கள் பேசிய விதம் பிடித்துப்போனது. இங்கிலாந்துக்காரர் பேச்சு மாதிரியும் இல்லை, இன்றைய அமெரிக்கர் பேச்சு மாதிரியும் இல்லை. அதற்கு டிரான்ஸ்அட்லாண்டிக் ஆக்சென்ட் என்று பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏழு மாதமாக, இரவு சாப்பிட்டு முடித்ததும் ஒரு மணி நேரம் அப்படிப் பேசிப் பழகுகிறேன்.

‘வீட்டுக்குள்ள யாரோ வெள்ளைக்காரத் தாத்தா வந்துட்டாரு’ என்று மனைவி சிரிக்கிறாள். அதுகூடப் பரவாயில்லை. சென்ற வாரம் அமெரிக்க பையர் ஒருவரிடம் ஷிப்மென்ட் தாமதமாவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, என்னை அறியாமல் அந்தக் குரல் வந்துவிட்டது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு, லைனில் வேறு யாராவது சேர்ந்திருக்கிறார்களா என்று கேட்டார்.

இது அடிமைப்புத்தி என்கிறார் ஒரு நண்பர். அந்த ஆக்சென்ட்டே ஸ்டூடியோக்காரர்கள் செய்த போலி, எந்த மனிதனும் அப்படிப் பேசியதில்லை என்கிறார் இன்னொருவர். அது நிஜமா, போலியா? தமிழ் நாக்குக்கு அது வருமா? நான் செய்வது கிறுக்குத்தனமா?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

உங்கள் மனைவிக்கு நல்ல காது. நீங்கள் பழகிக்கொண்டிருப்பது தாத்தாவின் ஆங்கிலமேதான். அதைப் பேசிய நடிகர்கள் இன்று இருந்தால் நூறு வயதைத் தாண்டியிருப்பார்கள். உங்கள் பையர் திகைத்ததில் வியப்பில்லை. ஷிப்மென்ட் லேட் என்ற செய்தியை 1938இல் இருந்து யாரோ போன் செய்து சொன்னால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

நிஜமா போலியா என்ற கேள்வியில் ஒரு குழப்பம் இருக்கிறது. இந்த ஒரே பெயருக்குள் இரண்டு விஷயங்களைப் போட்டுக் கட்டிவிட்டார்கள். முதலாவது, அமெரிக்காவின் வடகிழக்கில், பாஸ்டன், நியூயார்க் பக்கத்துப் பழைய பணக்காரக் குடும்பங்கள் வீட்டில் பேசிய பேச்சு. அது போலியே அல்ல. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை எந்த ஸ்டூடியோவும் தயார் செய்யவில்லை. 1933 மார்ச் 4 அன்று அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது, நாம் அஞ்ச வேண்டியது அச்சம் ஒன்றுக்குத்தான் என்றாரே, அந்த ஒலிப்பதிவைக் கேளுங்கள். அடுத்து உயிரொலி வராத இடங்களில் அவர் வாயில் சொல்லின் கடைசி ‘ர்’ கிடையாது. காற்றில் கரைந்துவிடுகிறது. அவர் வளர்ந்த வீட்டிலும் படித்த பள்ளியிலும் அப்படித்தான் பேசினார்கள்.

இரண்டாவதுதான் உருவாக்கப்பட்டது. ஆனால் அதைச் செய்தவர்கள் ஸ்டூடியோக்காரர்கள் அல்ல, வாத்தியார்கள். முதல் ஆள் வில்லியம் டில்லி. 1860இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். ஜெர்மனியில் பல வருடம் மொழி கற்பித்துவிட்டு, 1918இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். எந்த ஊர் வாடையும் இல்லாத, படித்தவர்கள் எங்கும் பேசத்தக்க ஓர் உலக ஆங்கிலம் என்பது அவர் கனவு. ஒவ்வொரு ஒலியையும் ஒலிக்குறியீட்டில் எழுதிப் பழக வேண்டும் என்பதில் கறாரானவர். அவரிடம் படித்தவர் ஈடித் ஸ்கின்னர், கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் பிறந்தவர். அமெரிக்க நாடகப் பள்ளிகளில், முதலில் பிட்ஸ்பர்க்கின் கார்னகியிலும் பிறகு ஜூலியார்டிலும், தலைமுறை தலைமுறையாக நடிகர்களின் நாக்கைத் திருத்தியது அவர்தான். 1942இல் அவர் எழுதிய பாடநூலை வைத்து அதன் பிறகும் பல காலம் பாடம் நடந்தது.

கவனித்தீர்களா? ‘நல்ல அமெரிக்கப் பேச்சு’ என்று அமெரிக்கர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியர், இன்னொருவர் கனடாக்காரர். அதைத் திரையில் பேசிப் பேர் வாங்கிய கேரி கிராண்ட் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்தவர், இயற்பெயர் ஆர்ச்சிபால்ட் லீச். பதினாறு வயதில் கழைக்கூத்தாடிக் குழுவோடு கப்பலேறி நியூயார்க் வந்தார். நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸ் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கெனோஷா என்ற ஊர்க்காரர். அந்தப் பக்கம் ‘ர்’ரை நன்றாக அழுத்திச் சொல்வார்கள். அதை அவர் மேடைக்காக விட்டார். நடிகை கேத்தரின் ஹெப்பர்ன் மட்டும் கனெக்டிகட்டில் வசதியான டாக்டர் குடும்பத்துப் பெண், வீட்டுப் பேச்சே பாதி தூரம் கொண்டுபோய் விட்டிருக்கும். ஆக, திருப்பூர்க்காரருக்கு இதில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், கெனோஷாக்காரருக்கு என்ன வேலை இருந்ததோ அதே வேலைதான் என்று சொல்லுங்கள்.

இணையத்தில் ஒரு விளக்கம் சுற்றுகிறது. அந்தக் கால மைக்குகள் மட்டமானவை, அதில் தெளிவாகக் கேட்கவே இப்படிப் பேசினார்கள் என்று. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பேசும் படம் பெரிதாகக் கிளம்பியது 1927இல். டில்லி அதற்குப் பல வருடம் முன்பே வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். படம் பேச ஆரம்பித்ததும் பேசத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள், நாடக மேடையில் இருந்து அள்ளி வந்தார்கள், மேடைப் பேச்சும் கூடவே வந்தது. நம் ஊரில் பாய்ஸ் கம்பெனி நடிகர்களோடு அவர்களுடைய தமிழும் சினிமாவுக்குள் வந்தது போலத்தான்.

பிறகு அது எங்கே போனது? இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் காற்று திசை மாறிவிட்டது. 1962 நவம்பரில் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் நியூயார்க்கில் மூன்று பெரிய கடைகளுக்குள் நுழைந்தார். ஒன்று பணக்காரக் கடை, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவு. நாலாவது மாடியில் விற்கும் பொருள் ஏதாவதொன்றின் பெயரைச் சொல்லி, எங்கே கிடைக்கும் என்று கடை ஊழியரிடம் கேட்பார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று பதில் வரும். காது கேட்காதது போல, ‘என்ன சொன்னீர்கள்?’ என்பார். அவர்கள் இன்னொரு தடவை அழுத்திச் சொல்வார்கள். அந்த இரண்டு சொற்களிலும் ‘ர்’ வந்ததா இல்லையா என்பதுதான் அவருக்கு வேண்டும். சற்று நகர்ந்துபோய்க் குறித்துக்கொள்வார். இப்படி 264 பேர். பணக்காரக் கடையில் 62 சதவீதம் பேரிடம் ‘ர்’ ஓரளவாவது வந்தது, நடுவில் 51, மலிவுக் கடையில் வெறும் 20. அதாவது ரூஸ்வெல்ட் காலத்தில் பெரிய வீட்டுப் பேச்சாக இருந்த ‘ர்’ இல்லாத பேச்சு, அவர் இறந்து பதினெட்டு வருடத்துக்குள் அதே நியூயார்க்கில் மலிவுக் கடைப் பேச்சாகியிருந்தது. உயர்ந்த உச்சரிப்பு, தாழ்ந்த உச்சரிப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு அந்த நாலாவது மாடிதான் நினைவுக்கு வரும்.

சரி, நாக்குக்கு வருவோம். இதில் உங்களுக்கு நல்ல செய்தி நிறைய இருக்கிறது.

‘ரைட்டர்’, ‘ரைடர்’ இரண்டையும் சொல்லிப்பாருங்கள். உங்கள் வாயில் இரண்டும் தனித்தனியாக வரும். இன்றைய அமெரிக்கர் பலர் வாயில் எழுதுபவரும் குதிரை ஓட்டுபவரும் ஏறக்குறைய ஒன்றுதான். ‘வாட்டர்’, ‘பெட்டர்’ எல்லாம் அப்படியே, நடுவில் வரும் ‘ட்’டை லேசாக உருட்டிவிடுவார்கள். ஸ்கின்னரின் மாணவர்கள் அந்த ‘ட்’டைத் தெளிவாகத் தட்டிப் பழக மாதக்கணக்கில் பாடுபட்டார்கள். நமக்கு அது சும்மா வருகிறது. ஒரே திருத்தம், நம் ‘ட்’டுக்கு நாக்கு பின்னால் மடங்கி அண்ணத்தில் படும். அதை முன்னுக்குக் கொண்டுவந்து, மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் வையுங்கள். இந்த ஒன்றைச் சரிசெய்தாலே பாதிப் பேச்சு மாறிவிடும்.

அடுத்து, ‘நியூஸ்’, ‘டியூட்டி’, ‘டியூன்’. அமெரிக்கர்கள் ‘நூஸ்’, ‘டூட்டி’, ‘டூன்’ என்பார்கள். அந்தப் பழைய மேடைப் பேச்சில் ‘நியூஸ்’தான், ‘டியூட்டி’தான். நமக்கு ஆங்கிலம் வந்தது இங்கிலாந்து வழி என்பதால் இதுவும் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

கஷ்டம் ‘ர்’ரில். தமிழர்கள் ‘ர்’ரை விடமாட்டோம். காசு கொடுத்து வாங்கியது போல எழுத்தில் இருக்கும் ஒவ்வொரு ‘ர்’ரையும் உச்சரித்தால்தான் திருப்தி. இங்கே உயிரொலிக்கு முன்னால் மட்டுமே அது வர வேண்டும். ‘ஃபார்’ என்று நிறுத்தினால் ‘ர்’ கிடையாது, ‘ஃபா’ நீள்கிறது. ‘ஃபார் அவே’ என்று சேர்த்தால் ‘ர்’ திரும்பி வந்துவிடும். விட்டுப் பழகியவர்கள் அப்புறம் இல்லாத இடத்திலும் போட ஆரம்பிப்பார்கள், ‘ஐடியா ஆஃப்’ என்பதை ‘ஐடியார் ஆஃப்’ என்பார்கள். ஸ்கின்னர் மரபில் அது தப்பு.

‘ஆஸ்க்’, ‘டான்ஸ்’, ‘பாத்’ போன்ற சொற்களின் ‘ஆ’தான் இந்த உச்சரிப்பின் முத்திரை. லண்டன் ‘ஆ’ தொண்டைக்குள் இருந்து வரும். அமெரிக்கர் அதையே ‘கேட்’ என்ற பூனையின் உயிரொலியில் சொல்வார்கள். இது இரண்டுக்கும் நடுவில் நிற்பது. நம்முடைய ‘ஆ’ லண்டன் ‘ஆ’வைவிடக் கொஞ்சம் முன்னால்தான் இருக்கிறது. அதை இன்னும் சற்று உதட்டுப் பக்கம் தள்ளினால் போதும். ஆனால் எல்லாச் சொல்லிலும் இதைச் செய்யாதீர்கள். ‘ஹேண்ட்’, ‘மேன்’, ‘கேட்’ எல்லாம் அப்படியே இருக்கும். ஆர்வக்கோளாறில் ‘ஹாண்ட்’ என்று ஆரம்பிப்பவர்கள்தான் முதலில் மாட்டிக்கொள்வார்கள்.

‘எது’ என்று கேட்கும் ‘விச்’சும் சூனியக்காரியான ‘விச்’சும் இந்தப் பேச்சில் ஒன்றல்ல. கேள்விச் சொல்லுக்கு முன்னால் விளக்கை ஊதி அணைப்பது போல ஒரு காற்று வேண்டும். ‘வாட்’, ‘வென்’, ‘வேர்’ எல்லாவற்றுக்கும் அப்படித்தான்.

விளக்கு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இருபது வருடத்துக்கு முன்பு சென்னையில் ஒரு கால் சென்டரில் ஒன்றரை வருடம் இருந்தேன். முதல் மாதம் முழுக்க ஆக்சென்ட் டிரெயினிங். ஆளுக்கொரு மெழுகுவர்த்தியைக் கையில் கொடுத்து, ‘பேப்பர்’ என்று சொல்லச் சொன்னார்கள், சுடர் ஆட வேண்டும். தமிழ் ‘ப’வில் காற்று வெளியே வராது, என் மெழுகுவர்த்தி அசையவே இல்லை. பதினோராவது தடவை அணைந்தே போனது, எச்சில் பட்டு. அந்தப் பயிற்சி நல்ல பயிற்சிதான், நீங்களும் செய்யுங்கள். மறுவாரம் என் பெயர் வாடிக்கையாளருக்குப் புரியாது என்று சொல்லி ‘சாம்’ என்ற பெயரை ஒட்டினார்களே, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அடிமைப்புத்தி என்று உங்கள் நண்பர் சொல்வது அந்த சாமுக்குப் பொருந்தும். சம்பளத்துக்காக இன்னொருவன் காதுக்கு ஏற்றபடி நாக்கை மாற்றிக்கொண்டவன் அவன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு, யாரும் கேட்காமல், பிடித்துப்போய் ஒரு மணி நேரம் பழகுகிற உங்களை அந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? புல்லாங்குழல் பழகினால் நண்பர் இப்படிச் சொல்லியிருப்பாரா?

ஆனால் அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஒரே ஒரு விதப் பேச்சுதான் நல்ல பேச்சு, மற்றதெல்லாம் திருத்தப்பட வேண்டிய குறை என்ற எண்ணம் டில்லியின் வகுப்பில் இருந்தது. டட்லி நைட் என்ற குரல் ஆசிரியர் பிற்காலத்தில் அதைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். அமெரிக்க நாடகப் பள்ளிகள் இன்று பெரும்பாலும் இதைப் பழைய நாடகங்களுக்கான ஒரு கருவியாகவே வைத்திருக்கின்றன. உங்கள் சொந்த ஆங்கிலத்தைப் பற்றி வெட்கப்பட்டு இதில் இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். கடிதத்தில் எனக்கு அப்படித் தெரியவில்லை.

யாரைக் கேட்டுப் பழகுகிறீர்கள் என்று எழுதவில்லை. கேரி கிராண்ட் என்றால் வேண்டாம். அது பிரிஸ்டலும் நியூயார்க்கும் பல மேடைகளும் கலந்த தனி ஆள் பேச்சு, காப்பியடித்தால் மிமிக்ரியாகத்தான் வரும். ரூஸ்வெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1941 டிசம்பர் 8 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஆற்றிய போர் அறிவிப்புப் பேச்சு சுமார் ஏழு நிமிடம்தான். நிதானமாக, இடைவெளி விட்டுப் பேசுகிறார். ஒலிகளைவிட அந்த இடைவெளிகளைக் கவனியுங்கள். நாம் ஆங்கிலம் பேசும்போது எல்லா அசைக்கும் ஒரே எடை போடுகிறோம். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசை ராஜா, ‘ஃபொடாக்ரஃபி’ ஆனதும் ராஜா இரண்டாவது அசைக்கு இடம் மாறிவிடுவார், மற்றவை தலைகுனிந்து நிற்கும். இதைப் பிடிக்காமல் ‘ர்’ரை மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் ‘ர்’ விட்ட திருப்பூர் ஆங்கிலம்தான் வரும். அதுவும் ஒரு ஆக்சென்ட்தான், ஆனால் நீங்கள் தேடியது அதை அல்லவே.

பையரிடம் பேசும்போது மட்டும் உங்கள் வழக்கமான குரலிலேயே பேசுங்கள். ஷிப்மென்ட் லேட்டானதற்கு அவர் ஏற்கெனவே கோபத்தில் இருப்பார்.

முடிந்தால் ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று இரண்டு முறை சொல்லிப் பதிவு செய்து அனுப்புங்கள், முதல் முறை சாதாரணமாக, இரண்டாம் முறை அழுத்தி. பின்னணியில் மனைவி சிரித்தால் வெட்டாதீர்கள்.